கணுக்காலில் கட்டிய கைக்கடிகாரம்

என் இடது கெண்டைக்காலில் பச்சைக் கொடி போல நரம்பு புடைத்து நின்றபோது, நான் பயில்வானாகிவிட்டேன் என்றுதான் நம்பினேன். சத்தியமாக! நாற்பத்தெட்டு வயது, தொண்ணூற்றெட்டு கிலோ, முதல் மாடிக்கே லிஃப்ட் தேடும் ஆள். எனக்குள் இத்தனை நாள் ஒரு பயில்வான் ஒளிந்திருந்தானா என்று புல்லரித்துப் போனது.

ஆதாரமும் இருந்தது. அலுவலகத்தில் நடைப் போட்டி வைத்திருந்தார்கள். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்பதைக் கையில் கட்டிய கடிகாரமே எண்ணி அனுப்பிவிடும். எனக்கோ பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தே வேலை. காலையில் நாற்காலியில் விழுந்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுவேன். யோசித்தேன். கடிகாரத்தைக் கழற்றிக் கணுக்காலில் கட்டினேன். மீட்டிங் ஓட ஓட, மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மூன்று வாரமாக நான்தான் முதலிடம்!

"உக்காந்துக்கினு கால் ஆட்டாதீங்க, வீட்டுக்கு ஆவாது" என்றாள் மனைவி.

"ஆட்டலம்மா, வாக்கிங் போறேன். நரம்பத் தொட்டுப் பாரு, இரும்பு!"

தொட்டாள். "இரும்பா? ஊறவெச்ச பன்னு மாதிரி இருக்கு. வெரல் வெச்ச எடம் குழி விழுது பாருங்க."

குழி விழுந்தது. மேலெழும்பவே இல்லை. கடிகாரப் பட்டையும் அன்று கணுக்காலுக்கு எட்டவில்லை. கைபேசியில் தேடினேன். முதல் பக்கத்தில் வீக்கம், இரண்டாவதில் புண், மூன்றாவதில் காலே இல்லை! அப்படியே தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்தேன்.

"ஏம்மா, ஒத்த செருப்பு தனியா விப்பாங்களா?"

"மொதல்ல ரெண்டு செருப்பையும் மாட்டுங்க. ஆட்டோ வந்தாச்சு."

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் சரளமாகவே வந்தது. காலில் சில்லென்ற பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை ஓட்டியபடி கேட்டார்: "டெய்லி எஷ்டு நடக்கறீங்க சார்?"

"பன்னெண்டாயிரம் அடி டாக்டர்." மார்பு தானாக நிமிர்ந்தது.

அவர் கை நின்றது. "அவ்ளோ நடந்துமா இப்படி? அப்போ வயித்துக்குள்ள ஏதாவது ரத்தக்குழாய அமுக்குதான்னு பாக்கணும். இன்னொரு பெரிய ஸ்கேன் எழுதறேன்."

வயிற்றுக்குள்ளா!

"டாக்டர், கடிகாரம் கால்ல இருந்துச்சு!" என்று கத்தினேன். "நான் நடக்கவே இல்ல! சும்மா ஆட்னேன்!"

"இவரு நடந்து நான் பாத்ததெல்லாம் ஃப்ரிட்ஜ் வரைக்கும்தான் டாக்டர்" என்று மனைவி சாட்சி சொன்னாள்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் கருவி என் முழங்கால் வரை வழுக்கிப் போனது. பிறகு ஸ்கேனை முழுவதும் பார்த்து முடித்துச் சொன்னார்: "கீழ எறங்குன ரத்தம் மேல ஏறணும் சார். நடந்தா கெண்டைச்சதை அத அழுத்தி ஏத்தும். நீங்க நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க, இந்த ஹொட்டே வேற மேலேர்ந்து அமுக்குது." என் தொந்தியை விரலால் ஒரு தட்டு தட்டினார். "குழாய்க்குள்ள இருக்கிற வால்வு தளர்ந்துபோச்சு. ரத்தம் அங்கயே தேங்குது. இதுக்குப் பேரு வெரிகோஸ்."

"கால எடுக்கணுமா டாக்டர்?"

"நாற்காலிய எடுத்தா போதும்."

காலை எடுக்கவில்லை. ரத்தம் உறைந்த கட்டியும் இல்லை, பெரிய ஸ்கேனும் வேண்டாம் என்றுவிட்டார். காலை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்றும், தினமும் முக்கால் மணி நேர நடையும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன், வீக்கம் வடிந்தது. புடைத்த நரம்பு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.