நேற்றைய குழியில் நட்ட கொடி

என் பெண்டாட்டியைத் தீவில் எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடலில் குளிக்க வருகிறவர்களைக் காப்பாற்றுகிற வேலை. பதினோரு வருடத்தில் அவள் கடற்கரையில் ஓர் உயிர் போனதில்லை. நான் தையல்காரன். அவள் நடுகிற கொடிகளைத் தைப்பவன் நான்தான் என்பதால், பாதிப் பெருமை எனக்கும் உண்டென்று சொல்லிக்கொண்டு திரிவேன்.

தினமும் காலையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கடலில் எறிவாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அது போகிற பக்கத்தையே பார்ப்பாள். பந்து கரைக்குத் திரும்பினால் அங்கே சிவப்பு மஞ்சள் கொடி இரண்டை நடுவாள். அவற்றுக்கு நடுவில்தான் குளிக்கலாம். விறுவிறுவென்று ஆழத்துக்குப் போனால் அந்தப் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டாள். வேடிக்கை என்னவென்றால், உள்ளே இழுக்கிற இடத்தில்தான் அலை அவ்வளவாக இருக்காது. குளம் மாதிரி சாதுவாகக் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் ஆசையாக ஓடுவார்கள். அடியில் மணல்திட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த இடமும் மாறிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு மகளுக்குப் பரீட்சை. பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கொடிகளை என்னிடம் கொடுத்தாள்.

"கையில வெச்சிட்டு சும்மா நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் நட்டுடாதீங்க."

கடற்கரையை ஒட்டிய விடுதியின் மேலாளர் சும்மா நிற்க விட்டால்தானே?

"விருந்தாளிங்க எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க? இத்தனை வருஷமா பாக்கறீங்க, இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அலை எட்டாத மேட்டில் நேற்றைய குழிகள் அப்படியே இருந்தன. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கம்புகள் கச்சிதமாக உட்கார்ந்தன. பிரமாதம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

விடுமுறைக்கு வந்திருந்த டீச்சர் ஒருவர் முதலில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை மட்டும் எங்கோ தூரத்தில் தெரிந்தது. கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறார். நீந்த நீந்தப் பின்னால் போகிறார்.

அதற்குள் பள்ளியிலிருந்து திரும்பிய என் பெண்டாட்டி செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். விசில் காதைக் கிழித்தது.

"எதிர்த்து நீந்தாதீங்க! மல்லாந்து மிதங்க! கையத் தூக்குங்க!"

டீச்சரின் கை மேலே வந்தது. இவள் மிதவையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் இறங்கிய அதே அமைதியான தண்ணீரில் பாய்ந்தாள்.

"அங்க இழுக்குதுடி!" என்று அலறினேன்.

"இழுக்கட்டும். அதான் சீக்கிரம் கொண்டுபோகும்!"

கொண்டுபோய்ச் சேர்த்தது. டீச்சரை மிதவையில் மாட்டி, கரையை நோக்கி வராமல் பக்கவாட்டில் நீந்தினாள். அலை உடைகிற இடம் வந்ததும் அலையோடு கரை சேர்ந்தார்கள். அன்று அவளைப் பார்த்தபோது, கொடி தைத்ததற்குப் பாதிப் பெருமை கேட்ட என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டீச்சர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "கொடிக்கு நடுவுலதானேம்மா இருந்தேன்?"

"அது வந்து மேடம், கடல் திடீர்னு..." என்று மேலாளர் மழுப்பினார்.

"கடல் மேல பழி போடாதீங்க சார்," என்றேன். "நான்தான் நட்டேன். நேத்து இருந்த குழியிலேயே நட்டுட்டேன்."

அவள் கொடிகளைப் பிடுங்கினாள், பந்தை எறிந்து பார்த்தாள், எண்பது அடி தள்ளி நட்டாள். பழைய குழிகளை நான் காலால் மிதித்து மூடினேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அது என் வேலை.

மறுநாள் காலையில் டீச்சர் துண்டோடு வந்து நின்றார். கொடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு நட்டது?"

"நான்தான்," என்றாள் என் பெண்டாட்டி.

டீச்சர் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கடலில் இறங்கினார்.