வலது கை

ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றில் தன் பழைய பாராசூட்டை விற்க இருந்த அந்த அக்காவை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு. நடக்கும்போது இடது குதிகால் தரையில் படாது. பேசும்போதெல்லாம் திசைக் கயிறுகளைப் பிடித்திருப்பவர்போல் இரண்டு கைகளையும் காதுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் நாற்பது முறைதான் குதித்திருந்தேன். பயிற்சிக்குத் தரும் பெரிய பாராசூட் அலுத்துப்போய், வேகமான சின்னது ஒன்றைத் தேடி வந்திருந்தேன்.

"கையைத் தூக்குங்க தம்பி," என்றார். தூக்கினேன். "தரைக்கு ஐம்பது அடிதான் இருக்கு. முன்னால ஒரு கெரெத்தா நிக்குது. என்ன செய்வீங்க?"

"ரெண்டு கயிறையும் பாதி இழுத்து, மெதுவா காரை விட்டு விலகணும்க்கா. ஒரு பக்கம் மட்டும் வெடுக்குன்னு இழுத்தா சின்ன பாராசூட் தரையைப் பார்த்துப் பாயும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வாய் சரியாத்தான் சொல்லுது. ஆனா கெரெத்தான்னு சொன்னதுமே உங்க வலது கை மட்டும் இடுப்புக்கு வந்துருச்சு, பாருங்க."

குனிந்து பார்த்தேன். கை அங்கேதான் இருந்தது.

"எனக்கும் விழுந்த அன்னைக்குக் கைதான் முந்திக்கிச்சு," என்றபடி பாராசூட்டைப் பையில் திணித்து ஜிப்பை இழுத்தார். "இது இப்ப உங்களுக்கு வேணாம்லா. பெருசிலயே இன்னும் குதிங்க."

கோபத்தோடுதான் வீடு திரும்ப ஃபெரி ஏறினேன். ஆனாலும் அவர் சொன்னபடி பெரியதிலேயே குதித்துவருகிறேன். தரையில் நின்றும் தினமும் கைகளைப் பழக்குகிறேன்.

நேற்று தொழிற்சாலையில் ஒரு தள்ளுவண்டி திடீரென்று எதிரே வந்தது. நான் யோசிப்பதற்குள் என் வலது கை கீழே இறங்கிவிட்டது.

சனிக்கிழமை எனக்குக் குதிப்பு இருக்கிறது.