அப்பாவின் வாய்க்குள் இருந்தது

எங்கள் வீட்டில் பல்வலிக்கு முதல் வைத்தியம் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். டாக்டரிடம் போவதெல்லாம் கன்னம் வீங்கி, பார்க்கிறவர்கள் நாலு பேர் விசாரித்த பிறகுதான். அப்படிப்பட்ட வீட்டில், யாரும் வலி என்று சொல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா ஆபீசுக்கு லீவு போட்டு, என்னையும் பள்ளிக்கு அனுப்பாமல், குடும்பத்தோடு பல் டாக்டரிடம் கிளம்பினார். ஏழு வயதுப் பெண் பயப்படாமல் என்ன செய்வாள்?

"கம்பெனி இன்ஷூரன்ஸ்ல பல்லுக்கும் உண்டு. சும்மாதானே கெடக்குது," என்றார் அப்பா. அம்மாவுக்கு அது போதும். நாங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள். கொசுறு கேட்காமல் கறிவேப்பிலைகூட வாங்காத வம்சம்.

எனக்கு அப்போது வேறு ஒரு பயம் இருந்தது. சில வாரங்களாக ராத்திரியில் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ கல்லை மெல்லுவது மாதிரி. படுத்தால் விடியும்வரை அசையாத அம்மா, அது எலி என்று பொறி வைத்தாள். எலி விழவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அப்பா பக்கம் நகர்ந்து படுப்பேன். நகர நகரச் சத்தம் கூடும். அது என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது என்று நினைத்து அப்பாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வெள்ளை மாவில் வார்த்த தாடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவருடைய வாய் என்று அங்கிருந்த நர்ஸ் அக்கா பெருமையாகச் சொன்னாள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார், ஆனால் என்னை மட்டும் கன்னடத்தில் செல்லமாக "புட்டா" என்று கூப்பிட்டார். என்னை ஒரு மெஷின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, திரையில் காட்டினார். என் எலும்பு முகம். சிரித்துக்கொண்டிருந்தது. என் பற்களுக்கு மேலேயும் கீழேயும் எலும்புக்குள் இன்னொரு வரிசைப் பற்கள் பதுங்கியிருந்தன. சில கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தன.

"இதெல்லாம் வெளிய வர்றதுக்கு வெயிட் பண்ணுது புட்டா," என்றார் டாக்டர்.

மனுஷனுக்குள் இன்னொன்று பதுங்கிக் காத்திருக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

அடுத்தது அம்மா. கடைவாயில் வருஷக்கணக்காகப் பாதி உடைந்து கிடந்த பல்லை அப்பா இன்றைக்கே அடைத்து முடித்துவிடச் சொன்னார். வந்தது வந்தோம், எல்லாருக்கும் சுத்தமும் செய்துவிடலாம் என்றாள் அம்மா. கதவு மூடியது. அப்பாவும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாக நின்றது. நர்ஸ் அக்கா ஜெனரேட்டர் போடக் கீழே ஓடினாள். அந்த நிசப்தத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

பட்டப்பகலில். என் பக்கத்தில்.

அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். இமை முழுசாக மூடவில்லை. வெள்ளை விழி தெரிந்தது. தாடை மட்டும் தனக்கென்று உயிர் இருப்பதுபோல இடமும் வலமும் அரைத்துக்கொண்டிருந்தது. எலும்பை எலும்பால் அரைக்கிற நறநறப்பு. எழுப்பலாமா என்று கையைக் கொண்டுபோனேன். எழுந்திருப்பது அப்பாவாக இல்லாவிட்டால் என்ன செய்வது? கையை எடுத்துக்கொண்டேன். விளக்கு வந்ததும் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அப்பாவின் முறை வந்தபோது நானும் உள்ளே போனேன். டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க சார். எல்லாம் தேஞ்சுபோச்சு, வயசானவங்க பல்லு மாதிரி. டென்ஷன் ஜாஸ்தியா?"

"ஐடி வேலைல டென்ஷன் இல்லாம இருக்குமா டாக்டர்," என்று அப்பா சிரித்தார்.

கோபம் வந்தால்கூடப் பல்லைக் கடிக்காத மனுஷன் என் அப்பா. கடிப்பது அவர் இல்லை, உள்ளே இருப்பதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விட்டால் அது அவரை உள்ளிருந்தே தின்றுவிடும். நல்லவேளை, டாக்டரிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள அச்சு எடுத்து ஒரு உறை செய்து தருவாராம். அதன் பிறகு அதனால் கடிக்க முடியாது.

"ரெடியாக ரெண்டு வாரம் ஆகும் சார்."

அப்பா நாள்காட்டியைப் பார்த்தார். "எனக்கு வேணாம் டாக்டர். இவங்களுக்குப் பாத்தாச்சுல்ல, போதும்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். அம்மாவும் மரத்துப்போன வாயால் குழறிக் குழறி, சும்மா கிடைப்பதை ஏன் விடுகிறீர்கள் என்றாள். அவர் அசையவில்லை. அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். நாக்கால் அடைத்த பல்லைத் தடவிக்கொண்டே, அடுத்த வருஷமும் இப்படி எல்லாரும் வந்து பார்த்துவிட வேண்டும் என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அந்த வாரக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை என்பதும், வேலையோடு அந்த இன்ஷூரன்சும் போய்விடும் என்பதும் அந்த ஆட்டோவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். என்னைச் சமாதானப்படுத்த என் தலையில் கையை வைத்தார். கை நடுங்கியது. உள்ளே இருப்பது கை வரைக்கும் வந்துவிட்டது என்று பயந்து, நான் அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.