ரைட்டுக்குத் தாய்மாமன் நான்தான்

ரைட்டு போய்விட்டான்.

ஆம்பூர் ஸ்டேஷன் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பாஷா பாய்தான் போன் செய்தார். "அண்ணே, உங்க அக்கா பையன் போய்ட்டான். காய்ச்சல்ல பிளாட்பாரத்துல கெடந்தான். ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்புனோம்... உசுரு நிக்கல."

எனக்கு அக்காவே கிடையாது. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. பாய்க்கு அது இன்று வரைக்கும் தெரியாது.

கொரோனா லாக்டவுன் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்துக் கிடந்த, வீடில்லாத இளவட்டங்களை ஒரு டிரஸ்ட் கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துச் சோறு போட்டது. பேருக்குத்தான் டிரஸ்ட். நடத்தியது நான்தான் என்று சொன்னால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். டெம்போ என்னுடையது, டிரைவர் நான், சாம்பாரில் உப்பு பார்த்ததும் நான்.

முதல் நாள் பசங்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பைபாஸில் போலீஸ் மடக்கியது. சாதாரண கான்ஸ்டபிள்தான் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். டி.எஸ்.பி.யேதான்.

"யாருய்யா இவனுங்க?"

"எங்க அக்கா பசங்க சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார். அக்காவுக்கு ஆண்டவன் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுத்துட்டான்."

"ஒருத்தன் ஜாடை ஒருத்தனுக்கு இல்லியே."

பின்னாலிருந்து ஒரு குரல்... "நான் மட்டும் மாமா ஜாடை சார்."

அவர் சிரித்துவிட்டார். லத்தியால் டெம்போவை ஒரு தட்டு தட்டி, போகச் சொன்னார். அன்றிலிருந்து அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்ள.

பெயர் மட்டும் சொல்லவே மாட்டான். டிரஸ்ட் மேடத்திடம் ஒரு பெயர், டாக்டரிடம் ஒரு பெயர். என்னிடம், "உனுக்கு எது புடிக்குதோ அத்த வச்சுக்கோ மாமா." வைத்தோம். அது தனிக் கதை.

பசங்க எல்லாம் வெறுங்கால். ஷூ கம்பெனியிலேயே தலை நரைத்தவன் நான், சும்மா இருப்பேனா? ஒரு போன் போட்டேன், மூட்டை வந்தது. ஜெர்மனிக்குப் போகிற சரக்கு. மண்டபத்து நடுவில் கொட்டிப் பார்த்தால்... அத்தனையும் வலது கால்.

வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட சாம்பிள் தைக்கும்போது ஒரு கால்தான் தைப்பார்கள். ஆம்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். மூட்டை கட்டினவன் சாம்பிள் ரூமில் அள்ளித் தொலைத்தான், அதற்கு நான் என்ன செய்ய?

என் மாப்ள ஒரு பிரவுன், ஒரு கறுப்பு எடுத்தான். "இன்னா மாமா, லெஃப்ட் கால வெட்டிட்டு வரட்டா?" என்றான். பிறகு இரண்டு வலது கால் ஷூவையும் மாட்டிக்கொண்டு மணமேடையில் மாப்பிள்ளை மாதிரி நடந்தான். மண்டபமே உருண்டு சிரித்தது. அன்று விழுந்த பெயர்தான் ரைட்டு.

டிரஸ்ட் போட்டோகிராபர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த லெஃப்ட் காலத் தூணுக்குப் பின்னாடி மறைச்சுக்கோ" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் லாக்டவுன் முடிந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்தன. மண்டபக்காரர் சாவியைக் கேட்டார். டிரஸ்ட் சார் பசங்க கையில் ஆளுக்கொரு பையைக் கொடுத்து, "ரீ-இன்டகிரேஷன் அங்கிள்" என்றார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதாது, பேத்தியைக் கேட்டேன். திரும்பச் சேர்த்துவைப்பது என்று அர்த்தமாம்.

சேர்த்துவைத்தார்கள்... பிளாட்பாரத்தோடு.

என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "உன் டூப்பத் தெனம் யாரு மாமா கேக்கறது" என்று போய்விட்டான். தோல் பதனிடும் இடத்தில் உப்புத் தோல் மூட்டை இறக்கப் போவான், உப்பில் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும். வழியில் பார்த்தால் தூரத்திலிருந்தே, "மாமோய், அக்கா எப்டி இருக்குது?"

கலெக்டர் ஆபீசில் என் பேரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். பாய் போன் பண்ணினதும் ஓடினேன், பிணவறை வாசலில் ஒருத்தன் பெஞ்சில் இடம் விடவில்லை.

"நீ யாருய்யா?" என்றார் எஸ்.ஐ.

"தாய்மாமன் சார்."

"பையன் பேரு?"

"ரைட்டு."

"பேரு கேட்டேன்யா. ஆதார், ரேஷன் கார்டு எதுனா இருக்குதா?"

"குடிசை எரிஞ்சு போச்சு சார். எங்க அக்காவும் அந்தத் தீயிலதான்..."

"எங்க?"

"வாணியம்பாடில."

"நான் வாணியம்பாடி ஸ்டேஷன்லதான் இருந்தேன். எந்தத் தெரு?"

ஒரு நிமிஷம் சார் என்று செல்லை எடுத்தேன்.

டிரஸ்டுக்குப் போன் போட்டேன். நம்மிடம் தங்கியிருந்த பையன் ரைட்டு, எஸ்.ஐ.யிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் தங்கல அங்கிள். ப்ராஜெக்ட் குளோஸ் ஆயிடுச்சு."

சாயங்காலம் டிரஸ்டின் ஃபேஸ்புக் பேஜில் அவன் படம். தூண், ஒரு கால், ஒரு ஷூ. எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம் என்று மேலே எழுதியிருந்தது. லைக் பிச்சுக்கொண்டு போகிறது. நம் ஃப்ரெண்ட்ஸ் சிலபேரும் அங்கே கைகூப்பி இருக்கிறீர்கள், பார்த்தேன்.

உடம்பைக் கடைசி வரை என்னிடம் தரவில்லை. கேட்பாரற்ற பிணம் என்று முனிசிபாலிட்டி எடுத்துக்கொண்டது. "கூட வேணா வா, தடுக்க மாட்டேன்" என்றார் எஸ்.ஐ. அந்த மட்டில் நல்ல மனுஷன்.

இன்று காலை பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். நானும் பாஷா பாயும்தான். குழி வெட்டினவன் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளப் போனான்.

"இருப்பா. தாய்மாமன் கோடி போடணும்" என்றார் பாய்.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். எந்தக் கார்டும் கேட்கவில்லை.

புது வேட்டியைப் பிரித்துப் போர்த்தினேன். கால் வரைக்கும் இழுத்துவிட்டேன், இரண்டு காலும் மூடுகிற மாதிரி.

ரைட்டு, மாப்ள.