அத இன்னொருக்கா வாசிங்க சாமி

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகள் கவிதா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பேசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, உன் பிடில் கச்சேரி கிடைச்சிருச்சு. நம்ம சேலத்துல நடந்ததேதான். பழைய டேப்பையெல்லாம் தேடி எடுத்து, சுத்தம் பண்ணி, புதுசா விட்டிருக்காங்க" என்றாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பூண்டெல்லாம் கூடம் முழுக்க உருண்டுவிட்டது.

அதில் பிடில் வாசித்த வித்வானின் பெயரைச் சொன்னால் நீங்களே நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆனால் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டு விஷயத்தில் அவ்வளவு பெரிய மனிதரை இழுப்பது மரியாதையாக இருக்காது.

பூண்டு வாசனை கையை விட்டு லேசில் போகாது, இல்லையா? டீசல் வாசனையும் அப்படித்தான். எங்க ஊட்டுக்காரர் லாரி மெக்கானிக். நாமக்கல்லில் தொழில் கற்றுக்கொண்டு, சூரமங்கலம் பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தார். மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, சிவப்பு சோப்பைப் போட்டுத் தேய்த்து, கடைசியில் எலுமிச்சைத் தோலையும் தேய்த்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார். அப்புறமும் சோற்றில் டீசல் மணக்கும். இன்ஜினில் கோளாறு என்று லாரி வந்தால் உடனே ஸ்பேனரைத் தூக்கமாட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். "மூணாவது சிலிண்டருங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

நான் ரயில்வே ஆபீஸில் கிளார்க். எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறந்த ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே. மானாவாரிக் காடு, நிலக்கடலை, அவ்வளவுதான். சேர்ந்த ஆறே மாதத்தில் என் பேச்சு மாறிவிட்டது. ஆபீஸில் 'வீடு', ஊருக்குப் போனால் 'ஊடு'. பஸ் எந்த ஊரைத் தாண்டும்போது மாற்றிக்கொள்வேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து சீட் கோமளா நன்றாகப் பாடுவாள். அவள் புண்ணியத்தில் நாலு ராகம் தெரிந்துகொண்டேன். நாலு தெரிந்ததுமே நாற்பது தெரிந்தவள்போல் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். தாளம் தப்பும்போதெல்லாம் புடவையைச் சரிசெய்வதுபோல் சமாளிப்பேன். அந்தப் பவிசை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வெட்கமாகவும் இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம், ராமநவமிக்கு, ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த வித்வானின் தனிக் கச்சேரி. "நானும் வாரேன்" என்றார் இவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்றேன்.

"லாரி பேசறதே புரியுது. பிடில் பேசறது புரியாதாக்கும்?"

கல்யாண வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்டபத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆபீஸ் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டேன். பங்குனி வெக்கை, மேலே ஒரு மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. கோமளாவின் தம்பி மேடையோரம் டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு, அடைகாக்கிற கோழி மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வித்வான் சஹானாவை எடுத்தார். கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? ரொம்ப நாள் பேசாமல் இருந்த ஒருத்தர் தானாகவே வந்து தலையைத் தடவினால் எப்படி இருக்கும், அந்த ராகம் அப்படி இருக்கும். ஓர் இடத்தில் மேலேயிருந்து மெல்ல இறங்கி, போச்சு, விழுந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வில்லைத் தூக்கினார். தம்புரா மட்டும் கேட்டது. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டறையில் இவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடுவாரே, அதே குரல்.

"அட சாமி! ஏனுங்க, அத இன்னொருக்கா வாசிங்க சாமி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "யாருடி அது?" என்றாள் கோமளா. நானும் திரும்பினேன். எல்லோரையும்போல் நானும் யாரென்று தேடினேன். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. நான் பார்வையை அவர் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். "தெரியலையே" என்றேன் கோமளாவிடம்.

வித்வான் கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் சிரித்தார். குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அதே இடத்தை முதலிலிருந்து, இன்னும் நிதானமாக, ஒருமுறை வாசித்துக் காட்டினார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. இறங்கி நின்றோம். கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் அம்மிணி, அத்தன நேரம் தேடுனியே, ஆளு கெடச்சானா?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். நான் வேகன்களை எண்ணுவதுபோல் நின்றேன். மன்னிப்பு என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் புழங்காத சொல். மறுநாள் அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டேன். வெல்லமும் ஏலக்காயும் மணக்க மணக்க, சுடச்சுட இரண்டைத் தின்றுவிட்டு, "என்ன விசேசம்?" என்றார். "சும்மாதானுங்க" என்றேன்.

கோமளாவின் தம்பி எங்களுக்கு ஒரு கேசட் பதிந்து கொடுத்தான். அதில் எல்லாம் விழுந்திருந்தது. மின்விசிறியின் கிறீச், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, ஜங்ஷனில் ரயில் ஊதியது, இவர் போட்ட சத்தம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கேசட்டைப் போட்டுவிடுவார். "இருங்க, இருங்க, இப்ப நான் வருவேன்" என்பார். குரல் வந்ததும், "நானும் இந்தக் கச்சேரியில கலந்திருக்கேனுங்க" என்று மார்தட்டிக்கொள்வார். நான் அடுக்களையிலிருந்து ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பேன். அவர் கூட்டுவார். சில வருஷம் கழித்து நான் குறைப்பதை விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், கவிதா நாலாவது படிக்கும்போது, ஒரு நாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போட்டோ எங்களிடம் நிறைய இருக்கிறது. குரல் அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது. நானும் கவிதாவும் போட்டுப் போட்டு அதைத் தேய்த்தோம். நாடா அறுந்தது, ஒட்டினோம். பென்சிலை விட்டுச் சுற்றினோம். ஒரு ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடித்து, கேசட் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். மூல டேப்பைக் கோமளாவின் தம்பி யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அதுதான் இப்போது சுத்தமாகிக் கவிதாவின் கையில் வந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் எதற்குக் காத்திருந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடில் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்டது. கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன். மின்விசிறிச் சத்தத்தைக் காணோம். குழந்தை அழவில்லை. ரயில் ஊதவில்லை. சஹானா வந்தது. மேலேயிருந்து இறங்கியது, பிடித்துக்கொண்டு நின்றது. வில்லைத் தூக்கினார். தம்புரா கேட்டது. அவ்வளவுதான்.

"அப்பாவ எடுத்துட்டாங்கம்மா" என்றாள் கவிதா. நாற்பது தாண்டியவள், நாலாவது படிக்கிறவள்போல் சொன்னாள்.

ஆனால் அடுத்த நொடி பிடில் அதே இடத்தை மறுபடி வாசித்தது, முதலிலிருந்து, நிதானமாக. யாரும் கேட்காமலே அவர் எதற்கு இரண்டாம் தடவை வாசிக்கிறார் என்று இனிமேல் கேட்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

அந்த மண்டபத்தை இடித்து இரண்டு மாடி ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் பாலம். கோமளாவும் இல்லை. "இன்னொருக்கா போடு சாமி" என்றேன் மகளிடம். போட்டாள். வில்லைத் தூக்கினார். தம்புரா மட்டும் கேட்ட அந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, நான் குரல் கொடுத்தேன்.

"அட சாமி! ஏனுங்க, அத இன்னொருக்கா வாசிங்க சாமி!"

வித்வான் வாசித்தார். யாருடி அது என்று கேட்கத்தான் அங்கே ஆளில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எங்க ஊட்டுக்காரருங்க என்று.