குணமாக்கப் போய்க் கெடுத்தவள்

பதுளையில் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். மனம் குழம்பிப்போன இளவயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் எங்கள் வேலை. ஆளுக்கொரு தேயிலைத் தோட்டம். ஆறு மாதத்தில் யார் எவ்வளவு குணப்படுத்தினார்கள் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும். கோடு இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது. எல்லோருடைய கோடும் அடக்கமாக இறங்கியிருந்தது. மடுல்சீமைக் கோடு மட்டும் விறுவிறுவென்று ஏறித் தலைப்பு எழுத்துகள் வரைக்கும் போயிருந்தது. மடுல்சீமை என்னுடையது.

கொழும்பிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டு அதிகாரி ஒல்லியான, மரியாதையான இளைஞர். திட்டவில்லை. உங்களிடம் வருவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்ப் படிவத்தைத் தானே நிரப்பப்போவதாகவும், கணக்கு திருந்தாவிட்டால் மடுல்சீமையை மூடிவிட்டு என்னை டவுனுக்கு மாற்றுவார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கும் வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது.

எங்கள் படிவத்தில் பத்துக் கேள்விகள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, மனதில் உள்ளதைச் சொல்ல ஆள் உண்டா என்று போகும். தொந்தரவே இல்லையென்றால் பூச்சியம், எந்நாளும் தொந்தரவென்றால் மூன்று. முதல் நாளில் ஒரு தரம், ஆறு மாதம் கழித்து ஒரு தரம் நிரப்ப வேண்டும். முதல் நாள் படிவங்களை எல்லாம் நான் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களிலேயே வைத்து நிரப்பினேன். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் நூறு வயது என்பார்கள். பசறைப் பக்கம் அப்படி ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். டிப்ளோமா படித்ததும் அது மறந்துபோயிற்று.

அதிகாரி போய்ப் பார்ப்பதாகச் சொன்ன பெண்ணுக்குப் பதினேழு வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். இரண்டு போனை உடைத்திருந்தாள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் அப்பாவோடு பேச்சே இல்லை. இதெல்லாம் பள்ளிக்கூடம் எனக்கு எழுதியனுப்பியது. அவளிடம் நேரில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "ஒன்னுமில்ல மிஸ்."

அவள் யோசித்த இடங்களில் பக்கத்துக் காம்பரா அக்கா சுவருக்கு அப்பாலிருந்து உதவினார்.

"புள்ள நல்லா தூங்கும் மிஸ். நல்லா சாப்புடும். யாரோடயும் ஒரு சண்ட சச்சரவு இல்ல, நல்லா எழுதிக்கங்க."

அவர் ஏதோ நற்சான்றிதழ் என்று நினைத்துவிட்டார். அவருக்கும் அடுத்த காம்பராவிலிருந்து ஒரு தாத்தா ஆமோதித்தார். தேத்தண்ணி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது. படிவத்தில் மொத்தம் ஒன்று. அதுவும் நான் வற்புறுத்திப் போட்டது. மடுல்சீமையில் என் பிள்ளைகள் அத்தனை பேரும் இப்படித்தான் ஒரு குறையுமில்லாமல் என்னிடம் சேர்ந்தார்கள்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் புள்ளக்காம்பராவில் சந்தித்தோம். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பின்னால் ஒரு சிறிய அறை இருந்தது, கதவும் இருந்தது. ஐந்து வாரம் அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வாரம் பஸ் வளைவுகளில் என் வயிறு புரண்டு, அவள் முன்னாலேயே ஓடிப்போய்ச் சாக்கடைக் கானுக்குள் வாந்தி எடுத்தேன். ஆலோசகருக்கு இதைவிட மானக்கேடு வேண்டாம். அவள் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இப்போது எப்படி இருக்கிறது, பூச்சியமா மூன்றா என்று கேட்டாள். சிரித்தோம். அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தாள்.

இரவில் தூக்கமில்லை என்றாள். அம்மாவின் சேலையை மடிப்பதும் பிரிப்பதுமாக விடியும் வரை உட்கார்ந்திருப்பதாகவும், தான் இல்லாமல் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றுவதாகவும் சொன்னாள். நான் பயந்துவிட்டேன். பதுளை ஆஸ்பத்திரி டொக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் தேறினாள். ஆறாம் மாதப் படிவத்தை அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தானே நிரப்பினாள். மொத்தம் இருபத்து மூன்று. எனக்கு அழுகை வந்தது, அவள் உண்மையை எழுதிய சந்தோஷத்தில்தான். வரைபடத்துக்கு அது தெரியுமா?

மடுல்சீமையை மூடினால் அவளுக்குப் பேச ஆளில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அதனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடம், கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி சேர் வருவார், வீட்டில் வைத்துக் கேட்பார், கொஞ்சம் குறைத்துச் சொல்லம்மா என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப திரும்பவும் ஒன்னுமில்லன்னு சொல்லவா மிஸ்?"

ஓங்கி ஓர் அறை வாங்கியது போலிருந்தது. வேண்டாம், நான் கேட்டதே தப்பு, உனக்கு எது சரியோ அதைச் சொல், எதுவும் சொல்லாவிட்டாலும் சரி என்றேன்.

அதிகாரி வந்தார். லயத்தில் வைத்துக் கேட்காதீர்கள் என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் கெஞ்சினேன். வீட்டுச் சூழல் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம், அதை நிரப்பியாக வேண்டுமாம். காம்பராவில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தேத்தண்ணி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது. அப்பா வாசலில் நின்றார். அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார், இரவில் தூக்கம் வருகிறதா என்று.

"நல்லா தூங்கும் சேர்" என்றது சுவர்.

அதிகாரி பேனாவை எடுத்துப் பூச்சியத்தின் மேல் வைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சேர்" என்றாள் அவள், லயம் முழுக்கக் கேட்கிற குரலில். "தூக்கமே இல்ல. மூனு போடுங்க."

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு அப்பால் ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் மிச்ச ஒன்பதுக்கும் பதில் சொன்னாள். மனதில் உள்ளதைச் சொல்ல ஆள் உண்டா என்பதற்கு மட்டும் ஒன்று போடச் சொன்னாள். முந்தி மூன்று, இப்போது மிஸ் வருகிறார் என்றாள். அதிகாரி பிஸ்கட்டை அப்படியே வைத்துவிட்டார். சுவருக்கு அப்பாலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது, மெதுவாக.

"சேர், எனக்கும் ஒரு கேள்வி ஃபோம் இருக்குமா?"

திரும்பும் வழியில் அதிகாரி பசறையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, முதல் நாள் படிவங்களை எங்கே வைத்து நிரப்பினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மடுல்சீமைக்கு இன்னும் ஆறு மாதம் கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை புள்ளக்காம்பராவுக்குப் போனபோது வாசலில் அந்த அக்கா நின்றார், குளித்து, நல்ல சேலை கட்டி. எங்கள் திட்டம் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருடைய மகனுக்கே இருபத்திரண்டு.

"அப்ப இருவத்தி நாலுன்னு போடுங்க மிஸ்" என்றார். "மத்ததெல்லாம் உண்மைய சொல்றேன்."

இருபத்து நான்கு என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.