ஜாம் பாட்டிலில் ஒரு கெண்டை

பழைய துரைசாணி சீமைக்குக் கப்பலேறும்போது, பங்களா சமையல்காரரான என் அப்பாவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதில் அரிசி கொட்டி வைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் மீன் பாடம் நடந்துகொண்டிருந்தது; தொட்டி என் ஆராய்ச்சிக்காகவே வந்திருக்கிறது என்று நம்பினேன்.

மீன் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகளான லைனில் குடியிருந்தார். கிளியூர் ஓடையில் தலைத்துண்டை விரித்து, உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட குட்டிக் கெண்டைகளை அள்ளிக் குடத்தில் கொண்டுவந்தார். கொசுப்புழுவைப் போட்டால் தொட்டியே கொதிக்கும். ஆனால் ஓயாத சண்டை. ஒன்றையொன்று துரத்தும், வாலைக் கடிக்கும், அடுத்த கணமே ஒரே கூட்டமாகத் திரும்பும்.

"நம்ம லைனாட்டவே இருக்குதக்கா," என்றார் மாமா.

லைனிலும் அப்படித்தான். ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள். ஈரல் யார் கூறில் விழுந்தது என்று தொடங்கும் சத்தம் பங்களாவரை கேட்கும். அதில் மாமா குரல்தான் பெரிது. திங்கட்கிழமை காலையில் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு காப்பிக்காட்டுக்குப் போவார்கள்.

எனக்கு மீன்களின் சண்டை பொறுக்கவில்லை. அப்பாவிடம் முறையிட்டேன். எது நொம்பக் கடிக்கிறது என்று கேட்டார். காட்டினேன்.

"அதைய மட்டும் புடிச்சுத் தனியா உடு கண்ணு. மத்ததெல்லாம் அடங்கீரும்."

பங்களாவிலிருந்து வந்த காலி ஜாம் பாட்டிலில் அந்தக் கெண்டையைக் குடிவைத்தேன்.

அதே வாரம், லைன் சத்தத்தில் பகல் தூக்கம் கெட்ட புதுத் துரை, அங்கே கத்துகிறவன் எவன் என்று அப்பாவைக் கேட்டாராம். யார் பெயரைச் சொன்னாலும் வேலை போகும். தன் மச்சினன் என்றால் தயவு பார்ப்பார் என்று நினைத்து, அப்பா மாமாவைச் சொன்னார். துரையும் தயவு பார்த்தார். வேலையைப் பிடுங்காமல், எஸ்டேட்டின் கடைசி எல்லையில், தலைச்சோலைப் பக்கம், காப்பிப் பழத்துக்குக் காவலாக ஒற்றைக் குடிசைக்கு அனுப்பினார்.

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளமுங்க மாமா," என்று அக்கா புருஷனான அப்பாவிடம் சிரித்துவிட்டுத்தான் மாமா போனார்.

பாட்டில் கெண்டை ஓரமாக ஒதுங்கி நின்றது. பட்டை வெளுத்தது. புழுவைத் தொடவில்லை. தொட்டியிலோ வேறொன்று கடிக்க ஆரம்பித்திருந்தது. லைனிலும் ஈரல் சண்டை நிற்கவில்லை என்று அம்மா சொன்னாள்.

மழை பிடித்ததும் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கிறது. லைனாக இருந்தால் இரண்டு இருமலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் திட்டிக்கொண்டாவது எட்டிப் பார்த்திருப்பான். அங்கே யாரும் இல்லை. அரிசி கொண்டுபோன ஆள்தான் பார்த்தான். குடிசைக்கு வெளியே, லைனுக்குத் திரும்பும் வழியில் குப்புறக் கிடந்தாராம். தூக்கிவர லைன் மொத்தமும் போனது. ஒருவரும் சத்தம் போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாளும் அப்பா பங்களாவுக்குப் போகவில்லை. பாட்டிலை எடுத்தார். தொட்டிக்குள் அமிழ்த்திக் கவிழ்த்தார்.

"அது மறுபடியும் கடிக்குமுங்கப்பா," என்றேன்.

"கடிக்கட்டும் சாமி."

நான் சொன்னபடியே ஆயிற்று. மற்றவை துரத்தின, அது திரும்பி ஒன்றின் வாலைக் கடித்தது. பார்த்தீங்களா என்று வெற்றியோடு நிமிர்ந்தேன். அப்பா தண்ணீரிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. மீனுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.